பீட் பெஸ்ட்டை நீக்கியது நியாயமா? குமரி மாவட்டக் கலைஞர்களிடையே ஒரு விவாதம்

வடசேரிக்காரன்:

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவில் ரிங்கோ ஸ்டாருக்கு முன்பு டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட், 2025 ஏப்ரலில், தமது 83ஆம் வயதில் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தச் செய்தியை நான் இங்கே பகிர்ந்தபோது "யார் இவர்?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள், "வாசிக்கத் தெரியாததால் துரத்தப்பட்டவர்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டவர்களும் இருந்தார்கள். இரண்டாம் வகையினருக்காகவே இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

அவர் 1941 நவம்பர் 24 அன்று மெட்ராஸில் பிறந்தவர். (கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடியேறும் நாள் என்பதால் அந்தத் தேதி எனக்கு மறப்பதில்லை.) அவருடைய தாய் மோனா டெல்லியில் பிறந்தவர். 1945இல் குடும்பம் கப்பலேறி லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க வாய்ப்பு வந்தும், டிரம்மர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் குழு அவரை அவசரமாகச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர்களோடு உழைத்தார். பிரையன் எப்ஸ்டீன் மேலாளராக வருவதற்கு முன்பு நிகழ்ச்சிகளுக்கு நாள் பேசி, ஒப்புக்கொண்டு, கணக்குப் பார்த்ததில் பெரும்பங்கு பீட்டுக்கும் அவருடைய தாய்க்கும் உண்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று அதே எப்ஸ்டீன் அவரைத் தம் அலுவலகத்துக்கு வரவழைத்து, மற்ற மூவரும் அவரை விரும்பவில்லை என்றும் ரிங்கோ வரப்போகிறார் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். ஈஎம்ஐ என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் பாடிய முதல் இசைத்தட்டு, 'லவ் மீ டூ', அக்டோபர் 5 அன்று வெளிவந்தது. இடையில் இருந்தது இரண்டு மாதத்துக்கும் குறைவான காலம்.

குழுவின் மற்ற மூவரான லெனானோ, மெக்கார்ட்னியோ, ஹாரிசனோ அந்த அறையில் இல்லை. இது நியாயமற்ற செயல் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

கொட்டாரம் கீபோர்டு:

வடசேரி அண்ணாச்சி, காரணத்தோடுதான் மறுக்கிறேன். உங்கள் பதிவில் அவர் எங்கே பிறந்தார், யார் கணக்குப் பார்த்தார்கள், யார் அறையில் இல்லை என்பதெல்லாம் இருக்கிறது. அவர் எப்படி வாசித்தார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

1962 ஜூன் 6 அன்று லண்டன் ஈஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த நால்வரும் நான்கு பாடல்களை வாசித்தார்கள். அவற்றுள் இரண்டின் பதிவுகள் தப்பிப் பிழைத்து, 1995இல் வந்த 'ஆந்தாலஜி 1' தொகுப்பில் கிடைக்கின்றன. அதில் 'லவ் மீ டூ' பாடலை ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். நடுப்பகுதி வரும்போது பீட் தாள நடையைத் துள்ளலாக மாற்றுகிறார். நடையை மாற்றுவது குற்றமன்று. ஆனால் மாற்றிய நடை பாஸ் கிதாரோடு ஒட்டவில்லை, ஸ்நேர் அடி விழ வேண்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி விழுகிறது, பழைய நடைக்குத் திரும்பும்போது டெம்போ (வேகம்) விட்ட இடத்தில் இல்லை. நான் வீட்டிலேயே சிறிய ஒலிப்பதிவு வசதி வைத்து, நம் ஊர்ப் பாடகர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கிறேன். இப்படி ஒரு டேக் என் கையில் வந்தால் சீரான தாளம் தட்டும் கிளிக் டிராக்கில் பிடித்து இழுத்துச் சரி செய்துவிடுவேன். அன்று அந்த வசதி கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், வாசித்தது வாசித்ததுதான்.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதைக் கேட்டுவிட்டு, இசைத்தட்டுக்கு வேறு டிரம்மரைத் தாமே ஏற்பாடு செய்துகொள்வதாக எப்ஸ்டீனிடம் சொன்னார். காதுள்ள எந்தத் தயாரிப்பாளரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

குளச்சல் மேளம்:

நான் மேடையில் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கியபோது இங்கே ரிதம் பேடு என்ற மின்னணுத் தாளக் கருவியே வரவில்லை. ஆகவே ஹாம்பர்க் விஷயத்தை மட்டும் வாசிப்பவன் கண்ணோடு சொல்ல விரும்புகிறேன்.

1961இல் 'டாப் டென்' என்னும் இரவு விடுதியில் அவர்கள் இரவுதோறும் ஏழு மணி நேரம், வார இறுதியில் எட்டு மணி நேரம் வாசித்தார்கள். மணிக்கு ஒருமுறை கால் மணி நேரம் ஓய்வு. குடித்துவிட்டுச் சத்தம் போடும் கூட்டத்தை நிறுத்தி வைத்து ஆட வைக்க வேண்டும், ஒலிபெருக்கி வசதியோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் டிரம்மர் நுணுக்கம் காட்ட முடியாது. பீட், காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மை நான்கு அடிக்கும் விடாமல் மிதித்து, அரங்கின் தரை அதிரும்படி வாசித்தார். லிவர்பூல்காரர்கள் அதற்கு 'ஆட்டம் பீட்' (Atom Beat, அணுத் தாளம்) என்றே பெயர் வைத்தார்கள். ஹாம்பர்க் போவதற்கு முன் அந்தக் குழுவை லிவர்பூலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. திரும்பி வந்தபின் அரங்குகள் நிரம்பின. அந்த மாற்றத்தில் கிக் டிரம்மின் மேல் இருந்த காலுக்குப் பங்கில்லையா?

எங்கள் கடற்கரையில் கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கும்போது, கயிற்றில் கை வைத்தவன் ஒவ்வொருவனுக்கும் ஏலம் முடிந்ததும் பங்கு உண்டு. நன்றாக இழுத்தவன், சுமாராக இழுத்தவன் என்று மீன் கரைக்கு வந்தபின் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

தக்கலைப் பையன்:

அண்ணே, கரமடியில் பங்கு அன்றைய மீனுக்குத்தானே? நாளைக்கும் அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

குளச்சல் மேளம்:

மக்களே, அன்றைய மீனுக்கே பங்கு கிடைக்கவில்லை என்பதுதான் என் வழக்கு. 1962 ஆகஸ்டில் ஈஎம்ஐ ஒப்பந்தம் கையில் இருந்தது. அதுதான் மீன்.

மார்த்தாண்டம் டீச்சர்:

மோனா பெஸ்ட்டைப் பற்றி ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். எனக்கு இந்தக் கதையில் மகனைவிடத் தாயே முக்கியமானவராகத் தெரிகிறார்.

1954 டெர்பி குதிரைப் பந்தயத்தில் 33க்கு 1 என்ற விகிதத்தில் (வென்றால் கட்டியதற்கு 33 மடங்கு) ஓடிய 'நெவர் சே டை' என்னும் குதிரையின்மேல், தம் நகைகளை அடகு வைத்துப் பணம் கட்டி வென்றார் என்றும், அந்தப் பணமே லிவர்பூல் ஹேமன்ஸ் கிரீன் தெருவில் பெரிய வீடு வாங்க உதவியது என்றும் குடும்பத்தார் சொல்கிறார்கள். அந்த வீட்டின் நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29 அன்று 'காஸ்பா' என்ற காபி கிளப்பை அவர் திறந்தார். திறப்பு நாளில் பாடியவர்கள் லெனான், மெக்கார்ட்னி, ஹாரிசன், கென் பிரவுன் ஆகிய நால்வர். அந்த நிலவறைக்கு வண்ணம் அடித்ததிலும் அந்தப் பையன்களின் கை உண்டு. 2006இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டு, இன்றும் மக்கள் சென்று பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு சிறிய சம்பவம் இந்த விவாதத்துக்கு மிகவும் தேவையானது. ஓர் இரவு கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை, வாசிக்க முடியவில்லை. ஆளுக்குப் பதினைந்து ஷில்லிங் என்பது பேச்சு. மோனா, வாசிக்காத கென்னுக்கும் அவருடைய பதினைந்து ஷில்லிங்கைக் கொடுத்தார். மற்ற மூவரும், வாசிக்காதவனுக்கு ஏன் பணம் என்று சண்டையிட்டு, காஸ்பாவை விட்டே வெளியேறினார்கள். பிறகு அந்தக் கென்னோடு சேர்ந்துதான் பீட் தம் முதல் குழுவைத் தொடங்கினார்.

உடம்பு முடியாமல் போன தோழனுக்குப் பதினைந்து ஷில்லிங் கொடுப்பதைப் பொறுக்க முடியாத அதே மூவர்தாம் மூன்று ஆண்டு கழித்து அந்த அம்மையாரின் மகனை வெளியே அனுப்பினார்கள். இதில் தாளம் மட்டுமே காரணம் என்று கொட்டாரம் தம்பி சொன்னால் நம்புவதற்கு எனக்குக் கடினமாக இருக்கிறது.

கொட்டாரம் கீபோர்டு:

டீச்சர், நான் தாளம் மட்டுமே காரணம் என்று எழுதவில்லை. தாளம் போதுமான காரணம் என்கிறேன். மோனா அம்மையார் இல்லாவிட்டால் அந்தக் குழுவுக்கு ஆரம்ப நாட்களில் போக்கிடம் இல்லை என்பதை நூறு முறை ஒப்புக்கொள்வேன். ஆனால் நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்தவருடைய மகன் என்பதற்காக ஒருவர் டிரம்ஸில் உட்கார வேண்டும் என்றால், நம் ஊர்களில் பாதிக் கானமேளா (மேடை மெல்லிசை) குழுக்கள் ஏன் உருப்படவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிடும். வேன் சொந்தமாக வைத்திருப்பவரின் மைத்துனர் தபேலா வாசிப்பார். ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தவரின் மகன் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வோம்.

வடசேரிக்காரன்:

தம்பி, மேல் ஸ்தாயி விஷயத்தில் நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே விட்டுவிடுவோம்.

உங்கள் ஒலிப்பதிவு வாதத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பீட் போய் ரிங்கோ வந்தார் அல்லவா? செப்டம்பர் 4 அன்று ரிங்கோவை வைத்து அதே பாடலைப் பதிவு செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று மறுபடியும் பதிவுக்குப் போனபோது, அங்கே ஆண்டி ஒயிட் என்னும் கூலிக்கு வாசிக்கும் டிரம்மர் உட்கார்ந்திருந்தார். ரிங்கோவின் கையில் ஒரு டாம்பரினைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். அதாவது, பீட்டுக்கு நேர்ந்ததே ரிங்கோவுக்கும் நேர்ந்தது. லண்டன் கூடங்களில், வெளியூரிலிருந்து வரும் இளம் குழுக்களின் டிரம்மரை ஒதுக்கிவிட்டு அனுபவசாலியை வாசிக்கச் சொல்வது அன்றைய வழக்கம். ஜார்ஜ் மார்ட்டின் கேட்டது இசைத்தட்டுக்கு ஒரு மாற்று ஆள், அவ்வளவே. மேடையில் யார் வாசிப்பது என்பதில் அவர் தலையிடவில்லை. பீட்டைக் குழுவிலிருந்தே நீக்குங்கள் என்று அவர் கேட்டதாக எங்கும் இல்லை.

ஆகவே ஒரே நோய்க்கு ஒருவருக்கு மருந்து கொடுத்தார்கள், இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை எப்படி விளக்குவீர்கள்?

கொட்டாரம் கீபோர்டு:

விளக்குவது எளிது. நீங்கள் சொன்ன கதையின் முடிவை விட்டுவிட்டீர்கள். 1962 அக்டோபரில் கடைகளுக்கு வந்த இசைத்தட்டின் முதல் அச்சுகளில் இருந்தது ஆண்டி ஒயிட் வாசித்த பதிவன்று. செப்டம்பர் 4 அன்று ரிங்கோ வாசித்த பதிவு. ஒயிட் வாசித்தது பிறகு வந்த ஆல்பத்தில் இடம்பெற்றது. தேர்வுக்குப் போன இருவரில் ஒருவருடைய விடைத்தாள் அச்சேறியது, இன்னொருவருடையது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. அடுத்த பாடல் பதிவிலிருந்து ரிங்கோவே வாசித்தார், யாரும் மாற்று ஆள் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீட் உடல்நலமின்றியோ வேறு காரணத்தாலோ வராத நாட்களில், 1961 டிசம்பரிலும் 1962 தொடக்கத்திலும், ரிங்கோ அவர்களோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அவர் வாசித்த இரவுகளிலெல்லாம் குழு முழுமையடைந்ததுபோல் தோன்றியதாக ஜார்ஜ் ஹாரிசன் பின்னாளில் கூறியிருக்கிறார். ரிங்கோ இடக்கைக்காரர், வலக்கைக்காரருக்காக அடுக்கிய டிரம் செட்டில் வாசித்தவர். அதனால் அவருடைய உருட்டல்கள் வேறு யாருக்கும் வராத திசையில் ஓடின. மேடையில் பக்கத்தில் நின்று கிதார் வாசிப்பவனுக்கு இந்த வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். எந்தத் தயாரிப்பாளரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

தக்கலைப் பையன்:

பீட் அழகாக இருந்ததால் மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள் என்று ஓர் ஆவணப்படத்தில் பார்த்தேன். இதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

மார்த்தாண்டம் டீச்சர்:

அந்தக் கதைக்கு ரசிகைகளின் கூச்சல்தான் ஆதாரம். அதைவிடத் திடமானது, அவர் அவர்களோடு ஒட்டவில்லை என்பது. மற்றவர்கள் முடியை முன்னால் விழவிட்டு வெட்டிக்கொண்டபோது இவர் தமது பழைய வாரலை மாற்றவில்லை. அவர்கள் வேடிக்கை பேசிக்கொண்டிருக்கும்போது இவர் அமைதியாக இருந்தார். வேலை முடிந்ததும் தனியாகப் போய்விடுவார். ஒரே வேனில் தினமும் பயணம் செய்யும் நான்கு பேரில் ஒருவர் இப்படி இருந்தால் மற்ற மூவரும் மெல்ல ஒரு கூட்டாகிவிடுவார்கள். இதில் யாருடைய குற்றம் என்று பிரிப்பது கடினம்.

குளச்சல் மேளம்:

ஒலிப்பதிவைப் பற்றிக் கொட்டாரம் தம்பி சொன்னதற்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

கேசட் காலத்தில் எங்கள் குழு பக்திப் பாடல்களைப் பதிவு செய்யத் திருவனந்தபுரம் போனது. நம் மாவட்டக் குழுக்கள் பலவும் அன்று அங்கேதான் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் வாசிப்பை இரண்டு பாட்டு கேட்டார். பிறகு மிகவும் மரியாதையாக, "நீங்கள் கொஞ்சம் இளைப்பாறுங்கள்" என்றார். வெளியே பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் உள்ளே போய், தாளச் சீட்டைக்கூடப் பார்க்காமல், ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்துவிட்டு வந்து ஆறிப்போன அதே தேநீரைக் குடித்தார். திறமையில் அவர் எனக்கு மேல் என்பதில் அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இல்லை. மேடையில் நான் கூட்டத்தைப் பார்த்து வாசித்துப் பழகியவன். அவர் மைக்கை நினைத்து வாசித்துப் பழகியவர். மைக்குக்கு முன்னால் சிம்பலை எவ்வளவு குறைத்து அடிக்க வேண்டும், கிக்கை மிதித்தபின் காலை எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தனிப் படிப்பு.

ஆனால் நாங்கள் ஊருக்குத் திரும்பிய வாரமே ஒரு கோயில் கொடை நிகழ்ச்சி இருந்தது. அதில் டிரம்ஸில் உட்கார்ந்தவன் நான்தான். என்னை மாற்ற வேண்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. பீட்டுக்கும் இதைச் செய்திருக்கலாம். ஓராண்டு கொடுத்திருந்தால் அவரும் மைக்கைப் படித்திருப்பார். நான்கு பாடல் கொண்ட ஒரே ஒரு மாலைதான் அவருக்கு அங்கே கிடைத்தது.

கொட்டாரம் கீபோர்டு:

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பீட்டுக்கு ஒரே ஒரு மாலை என்பது முழுக்கணக்கன்று. 1961 ஜூனில் ஹாம்பர்க்கில் டோனி ஷெரிடன் என்னும் பாடகருக்குப் பின்னணியாக வாசித்த பதிவு இருக்கிறது. 1962 ஜனவரி 1 அன்று டெக்கா நிறுவனத்துக்காக ஒரே நாளில் பதினைந்து பாடல்களை வாசித்த பதிவு இருக்கிறது. டெக்கா அந்தக் குழுவை வேண்டாம் என்றது. இரண்டிலும் பாடலுக்குப் பாடல் அவருடைய வாசிப்பு ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. ஓராண்டில் கற்றுக்கொள்பவருடைய பதிவுகள் ஓராண்டில் மாறியிருக்க வேண்டும். ஜூன் 1961க்கும் ஜூன் 1962க்கும் இடையே எனக்கு அந்த மாற்றம் கேட்கவில்லை.

குளச்சல் மேளம்:

டெக்காவில் பாடகர்களும் நடுங்கிக்கொண்டுதான் பாடினார்கள். அந்தப் பதிவை வைத்து மெக்கார்ட்னிக்குப் பாட வராது என்று சொல்வீர்களா?

வடசேரிக்காரன்:

இந்த இடத்தில் நீக்கிய விதத்துக்கு வர விரும்புகிறேன், ஏனென்றால் திறமை பற்றிய வழக்கில் தோற்றாலும் இந்த வழக்கில் நான் தோற்க மாட்டேன்.

நீக்கப்பட்ட அதே நாள் இரவு செஸ்டர் நகரில் நிகழ்ச்சி இருந்தது. ரிங்கோ வேறொரு குழுவோடு கடலோர விடுமுறை முகாம் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார். வந்து சேர இன்னும் இரண்டு நாள் ஆகும். ஆகவே எப்ஸ்டீன், வேலையை விட்டு நீக்கிய அதே மூச்சில், ரிங்கோ வரும்வரை வாசித்துக் கொடுக்க முடியுமா என்று பீட்டிடம் கேட்டார். பீட் சரி என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து யோசித்தபின் அவரால் போக முடியவில்லை. பிக் த்ரீ குழுவின் ஜானி ஹட்சின்சன் இடைப்பட்ட நிகழ்ச்சிகளில் வாசித்தார். ரிங்கோ ஆகஸ்ட் 18 அன்று போர்ட் சன்லைட்டில் சேர்ந்தார்.

லிவர்பூல் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கேவர்ன் கிளப்பில் கைகலப்பாகி ஹாரிசனுக்குக் கண் கறுத்தது. ஆகஸ்ட் 22 அன்று தொலைக்காட்சிக்காரர்கள் அங்கே வந்து படம் பிடித்தபோது, பாடல் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் பீட் வேண்டும் என்று கத்துவது அந்தப் படத்தில் இன்றும் கேட்கிறது. பல ஆண்டுகள் கழித்து ஜான் லெனானே, தாங்கள் அந்த விஷயத்தில் கோழைகளாக நடந்துகொண்டதாகவும், பிரையனை விட்டுச் சொல்ல வைத்ததாகவும் ஒப்புக்கொண்டார். செய்தவரே ஒப்புக்கொண்ட பிறகு, கொட்டாரத்திலிருந்து அவருக்கு வக்கீல் எதற்கு?

கொட்டாரம் கீபோர்டு:

வக்கீல் தேவையில்லைதான். ஆனால் பத்தொன்பது முதல் இருபத்தொரு வயதுப் பையன்கள் தங்கள் தோழனிடம் நேரில் சொல்லப் பயந்தார்கள் என்பதும், அவரை மாற்றியது தவறு என்பதும் ஒன்றாகாது. ஆளை எடுப்பதும் விடுவதும் மேலாளரின் வேலை. நம் குழுக்களிலும் பொறுப்பாளர்தானே சொல்கிறார்?

மார்த்தாண்டம் டீச்சர்:

நம் குழுக்களில் பொறுப்பாளரும் சொல்வதில்லை தம்பி. அடுத்த நிகழ்ச்சியின் சுவரொட்டியில் வேறு பெயர் இருக்கும்.

பின்கதையையும் பேசாமல் விட வேண்டாம். பீட் சொந்தக் குழு வைத்து டெக்காவில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார், விற்கவில்லை. 1965இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், அவர் உடம்புக்கு ஆகாத மாத்திரைகள் எடுத்துக்கொண்டதாகப் பொருள்படும்படி ரிங்கோ பேசினார். பீட் அவதூறு வழக்குத் தொடுத்தார், அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. பிறகு ரொட்டித் தொழிற்சாலையில் வண்டிக்குச் சுமை ஏற்றினார். அதன்பின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசு ஊழியராகச் சேர்ந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் பணியாற்றினார். வேலையிழந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதை வாசித்தபோது நான் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாமல் இருந்தேன். 1988இல் மறுபடியும் மேடைக்கு வந்து, தம் பெயரிலேயே குழு அமைத்து நாடு நாடாக வாசித்தார்.

இடையில் நடந்த ஒன்றுதான் எனக்கு விளங்காதது. 1967இல் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் அட்டைப்படத்துக்குப் பட்டாளத்து உடை அணிந்தபோது, லெனான் பதக்கம் இரவல் கேட்டது மோனாவிடம். மோனாவும் தம் தந்தையின் பதக்கங்களைக் கொடுத்தார். உலகமே அறிந்த அந்தப் படத்தில் லெனானின் மார்பில் இருப்பவை பீட்டின் தாத்தாவுடைய பதக்கங்கள். மகனை நீக்கிய வீட்டுக்கே போய்ப் பதக்கம் கேட்கும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வந்தது, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மனம் அந்தத் தாய்க்கு எப்படி வந்தது!

தக்கலைப் பையன்:

1995இல் நிறையப் பணம் கிடைத்தது என்கிறார்களே, அதோடு கணக்குத் தீர்ந்ததாகாதா?

வடசேரிக்காரன்:

'ஆந்தாலஜி 1' தொகுப்பில் பீட் வாசித்த பத்துப் பதிவுகள் சேர்க்கப்பட்டன; தொகுப்பு உலகெங்கும் பெரிதாக விற்றதால் அவருக்கும் கணிசமான உரிமத்தொகை வந்தது. அது அவருடைய உழைப்புக்கான கூலி, முப்பத்து மூன்று ஆண்டு தாமதமாக வந்த கூலி. அதைக் கருணை என்று யாரும் பேச வேண்டாம்.

அந்தத் தொகுப்பின் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய சுவரொட்டிகளைக் கிழித்து ஒட்டியது போன்ற ஓவியம். அதில் ஹாம்பர்க் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. பீட்டின் தலை இருக்க வேண்டிய இடம் கிழிக்கப்பட்டு, அங்கே ரிங்கோவின் முகம் தெரிகிறது. அவருடைய வாசிப்பை விற்கும் பெட்டியின் மேலேயே அவருடைய முகத்தைக் கிழித்துவிட்டார்கள். பீட் அதற்கு 2008இல் பதில் சொன்னார்: தம் குழுவின் 'ஹேமன்ஸ் கிரீன்' ஆல்பத்துக்கு, கிழிபட்ட அந்தத் துண்டையே அட்டைப்படமாக வைத்தார். பிசிறடித்த விளிம்போடு அதே முகம்.

கொட்டாரம் கீபோர்டு:

அட்டை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. அது சிறுமைதான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து வாசிப்பைக் கேளுங்கள் என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நீங்கள் அட்டையையே காட்டுகிறீர்கள்.

செஸ்டர் நிகழ்ச்சி பற்றி ஒரு கேள்வி, குளச்சல் அண்ணனிடம். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்குப் பீட் போகாமல் இருந்தது சரியா? நுழைவுச்சீட்டு வாங்கிய செஸ்டர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

குளச்சல் மேளம்:

நான் போயிருப்பேன். கூலியை முதலிலேயே எண்ணி வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேரமும் கிக்கை நான்கு அடிக்கும் மிதித்து வாசித்திருப்பேன். பிறகு டிரம் செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது மூவரில் ஒருவனையாவது பக்கத்தில் நிறுத்தி, என்ன காரணம் என்று கேட்டிருப்பேன்.

வடசேரிக்காரன்:

நான் போயிருக்க மாட்டேன், அண்ணே. அந்த மூவரும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் பாடிக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்கு எதற்காகத் தாளம் பிடித்துக் கொடுக்க வேண்டும்? கொட்டாரம் தம்பி சொல்லும் 1961, 1962 பதிவுகளை அடுத்தடுத்து ஒரு முறை கேட்கிறேன். நீங்களும் கேட்டுவிட்டு எழுதுங்கள். வாசிப்பு மாறியிருக்கிறதா இல்லையா என்பதற்கு உங்கள் காதைத்தான் நம்புவேன்.